ஒன்பதாம் நம்பருக்கு ரெண்டு பொட்டு

பழசைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டால்தான் புதுசு. எங்கள் உப்புக் கம்பெனி ஸ்டோரில் பதினாறு வருஷமாக என் சட்டம் அது. எஞ்சினின் தேய்ந்த பிஸ்டன் ரிங்கைக் காட்டாமல் புது ரிங் கிடையாது. அறுந்த பெல்ட்டைக் காட்டாமல் புது பெல்ட் கிடையாது. முதலாளியே நேரில் வந்து கேட்டாலும் 'பழசு எங்கே சார்' என்றுதான் கேட்பேன். முன்னால் சிரித்துவிட்டுப் பின்னால் ஏசுகிறவர்கள் உண்டு, ஏசட்டும். ஸ்டோர்கீப்பர் எல்லாரையும் நம்ப ஆரம்பித்தால் மூன்றே மாதத்தில் பூட்டு மட்டும்தான் மிஞ்சும். அதனால் நான் இங்கே எழுதப்போகிற மனிதரையும் நான் நம்பவில்லை. அதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் ஆவுடையப்பன், கம்பெனியின் பம்ப் ஃபிட்டர். ஏரலுக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் அவருக்கு. நாற்றும் அறுப்புமாக இருந்த குடும்பத்தில் இவர் ஒருவருக்குத்தான் வயலைவிட, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் பிடித்துப்போனது. ஊருக்கு முதல் ஆயில் எஞ்சின் வந்து, அது கெட்டு, மெக்கானிக் வந்து பிரித்துப் போட்ட அன்று இவர் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லையாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் மனைவி பேச்சித்தாயோடு முத்தையாபுரத்துக்கு வந்து வாடகை வீடு பிடித்து எங்கள் உப்பளத்தில் சேர்ந்தார். ஒல்லியான ஆள். ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சின்மேல் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். டாக்டர் தோற்றார்.

அளத்தில் இருபத்து நாலு எஞ்சின்கள். ஒவ்வொன்றும் ஒரு கிணற்றோரம், ஒரு சின்னச் செங்கல் கொட்டகைக்குள் இருந்துகொண்டு உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு அனுப்பும். ஒரு எஞ்சின் ஒரு வாரம் நின்றால் அதன் பாத்திகள் காய்ந்துவிடும். அந்தப் பாத்திகளில் உப்பு வாரும் பெண்களுக்கு அந்த வாரம் வேலை இல்லை. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. இருபத்து நாலில் எதையாவது ஒன்றை அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஆவுடையப்பன் தலைக்குக் குளித்துவிட்டு, சந்தனமும் குங்குமமுமாக சைக்கிளில் இருபத்து நாலு கொட்டகைக்கும் போவார். எண்ணெய் வடிகிற எஞ்சின்மேல் பொட்டு நிற்காது. அதனால் எஞ்சினுக்குப் பக்கத்துச் சுவரில் வைப்பார். ஆயுத பூசைக்குச் சுவருக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். அடுத்த ஆயுத பூசை வரை ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒன்று பக்கத்தில் ஒன்றாக வரிசை நீண்டுகொண்டே போகும். என் ஸ்டோர் சுவரையும் அவர் விடுவதில்லை. நான் வேதக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன், சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"உமக்கு ஆரு வே வைக்கா? உம்ம தராசுக்கு வைக்கேன்" என்றார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுபத்தாறு ஜனவரியில் பிளாரன்ஸ் வந்தாள். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் பிறந்தவள். அவள் அப்பா முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பி ஏலம் எடுத்தவர். சென்னையில் புள்ளியியல் படித்துவிட்டு எங்கள் டவுன் ஆபீசில் சேர்ந்திருந்தாள், இருபத்தாறு வயது இருக்கும். கையில் ஒரு கட்டு மஞ்சள் கார்டு, எஞ்சினுக்கு ஒன்றாக. என்னையும் ஆவுடையப்பனையும் ஸ்டோரில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"நான் கேக்கிறது ஒண்ணுதான் அண்ணாச்சி. இந்தத் திங்கக்கிழம எஞ்சின் எப்படி இருக்கு? நல்லா இருந்தா ஒண்ணு. லேசாத் தேய்ஞ்சிருந்தா ரெண்டு. மோசம்னா மூணு. நின்னே போச்சுன்னா நாலு. ஆறு மாசம் இத எழுதினா, ஒண்ணுல இருக்கது அடுத்த வாரம் ரெண்டுக்குப் போக எவ்வளவு வாய்ப்பு, ரெண்டுல இருக்கது மூணுக்குப் போக எவ்வளவு வாய்ப்புன்னு தெரிஞ்சிரும். அத வச்சு எப்பப் பிரிச்சு வேலை பாக்கணும், எப்பத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கணும்னு சொல்லிரலாம்."

"பழைய ரிப்பேர் எல்லாம் சொல்லணுமாம்மா? பதிமூணு வருசத்துக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"வேண்டாம் அண்ணாச்சி. இன்னைக்கு எந்த எண்ணுல இருக்குங்கது போதும். எப்படி அங்கன வந்து சேந்துச்சுங்கது இந்தக் கணக்குக்குத் தேவையில்ல. மார்க்கோவ்னு ஒரு ரஷ்யாக்காரர் கண்டுபிடிச்சது."

அவள் பஸ் ஏறியதும் ஆவுடையப்பன் என் பக்கம் திரும்பினார்.

"பழசு வேண்டாங்காவ வே. பதிமூணு வருசம் ஒருத்தன் பாத்த வேலை வேண்டாம்னா, நாளைக்கு அவனே வேண்டாம்பாவ."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பழசைக் கேட்காத ஆளை எப்படி நம்புவது? அதுவும் அவசரநிலைக் காலம். யார் எதற்கு வந்து எதை எழுதிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்கவே பயம். டவுனில் ஒரு மில்லில் இப்படித்தான் ஒருவர் கையில் கடிகாரத்தோடு வந்து பத்து நாள் நின்றாராம், பதினோராம் நாள் பதினோரு பேர் வீட்டுக்குப் போனார்களாம். எந்த மில் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பதினோரு பேர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மூணு வாங்குகிற எஞ்சின் இருந்தால் ஃபிட்டர் சரியில்லை என்று ஆகிவிடும் என்று ஆவுடையப்பன் முடிவு கட்டிக்கொண்டார். "என் கைக்குக் கீழ ஒரு எஞ்சினும் மூணு வாங்காது" என்றார். சொன்னபடியே செய்தார். திங்கட்கிழமைதோறும் பிளாரன்ஸ் வந்து அவரோடு இருபத்து நாலு கொட்டகையும் சுற்றுவாள். சத்தம் கேட்பாள், புகை பார்ப்பாள், எழுதுவாள். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. ஸ்கூல் பிள்ளைகளின் பரீட்சைத் தாளாக இருந்தால் காப்பி அடித்ததாகச் சொல்லி இருக்கலாம்.

இதற்கிடையில் என் ஸ்டோரில் கெட்டி ஆயில் கரைந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு டின் போதும். இப்போது சனிக்கிழமைதோறும் ஆவுடையப்பன் ஒரு டின் கேட்டார். ஆயிலுக்குப் பழசைக் காட்டச் சொல்ல முடியாது, அது ஒன்றுதான் என் சட்டத்தில் இருந்த ஓட்டை. கெட்டி ஆயிலுக்கு வெளியே நல்ல கிராக்கி, லாரி ஷெட்டுக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் மானேஜருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'கெட்டி ஆயில் வெளியே போவதாகச் சந்தேகம். ஃபிட்டரைக் கவனிக்கவும்.'

மறுநாள் சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் மந்திரமூர்த்தி ஆவுடையப்பனின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தான். பதிமூன்று வருஷத்தில் முதல்முறை. உள்ளே கழுவிய சட்டியில் ஒரு துளி ரசம் இருந்ததாம். ஆவுடையப்பன் சட்டியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ரெண்டு நாள் ஸ்டோருக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வெள்ளி, வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து சுவரில் பொட்டு வைத்துவிட்டுப் போனார். 'இவருக்குத் தெரியாது' என்று நினைத்துக்கொண்டேன்.

தூக்குச்சட்டியில் இல்லையென்றால் வேறு எப்படிப் போகிறது? மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெள்ளை வேட்டி சட்டையோடு அப்படியே அளத்துக்கு சைக்கிளை விட்டேன். பதினாலாம் நம்பர் கொட்டகையில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆவுடையப்பன் எஞ்சினுக்குள் கெட்டி ஆயிலை ஊற்றிக்கொண்டிருக்கிறார். பேச்சித்தாய் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரிங் தேய்ந்த எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் ரெண்டு மூன்று நாளைக்குச் சத்தம் அடங்கும், இழுவை திரும்ப வந்ததுபோல இருக்கும். புதன்கிழமைக்கு மேல் பழையபடிதான். தண்ணீர் ஒழுகுகிற இடத்தில் கிரீஸ் தடவிய கயிற்றையும் சுற்றி வைத்திருந்தார்.

"நாளைக்கு அந்தம்மா வரும்லா" என்றார் என்னைப் பார்த்ததும். "எல்லாத்தையும் பிரிச்சு வேலை பாக்க நேரம் எங்கன வே இருக்கு? பிரிச்சுப் போட்டா அன்னைக்கு நாலுன்னு எழுதிருவாவ. யார்ட்டயும் சொல்லிராதிரும்."

பேச்சித்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லவும் இல்லை. ஆனால் மானேஜரிடம் போய், 'நான் எழுதிக் கொடுத்தது தப்பு, அந்த மனுஷன் திருடன் இல்லை' என்றும் சொல்லவில்லை. எழுதின சீட்டைத் திரும்ப வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டில் தூக்குச்சட்டியைத் திறப்பது நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் வீட்டுக்குப் போனேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிளாரன்ஸ் தனியாக ஸ்டோருக்கு வந்தாள். கைப்பிடி சுற்றுகிற கணக்கு மெஷினில் ஒரு வாரம் உட்கார்ந்து கணக்கை முடித்திருந்தாள். மேஜைமேல் ஒரு தாளை விரித்தாள். நாலு வரிசை, நாலு கட்டம்.

"பாருங்க அண்ணாச்சி. எஞ்சின் ஒண்ணுல இருந்து நேரா நாலுக்குப் போகுது. முப்பத்தோரு தடவ. ரெண்டும் மூணும் வெறுமனே கெடக்கு."

"அதனால என்னம்மா?"

"முன்கூட்டி ஒரு அறிகுறியும் இல்லாம நிக்கிற மெஷினப் பிரிச்சு வேலை பாத்துப் பிரயோசனம் இல்ல. நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டு, நின்னதும் தூக்கிப் போட்டுப் புதுசு வைக்கணும்னு கணக்கு சொல்லுது. புதுசு வைக்க எஞ்சின் விக்கிற கம்பெனியே ஆள் அனுப்பும். ஃபிட்டர் வேண்டாம்னு மானேஜர் முடிவு பண்ணிட்டாங்க. திங்கக்கிழம ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போடணும்."

அவள் அதோடு நிற்கவில்லை. எழுந்து பழைய சாமான் போட்டு வைக்கிற பெட்டியிடம் போய், எஞ்சின் நம்பரும் தேதியும் எழுதிய என் சீட்டோடு கிடந்த ஒரு ரிங்கை எடுத்தாள். கத்தி முனைபோலத் தேய்ந்திருந்தது.

"திங்கக்கிழம ஒண்ணு வாங்கின எஞ்சின்ல இருந்து புதன்கிழம இந்த ரிங் வந்திருக்கு. ரெண்டு நாள்ல இப்படித் தேயுமா? புது ரிங் நெசமாவே எஞ்சினுக்குள்ள போகுதா, இல்ல வேற எங்கயும் போகுதா?"

என்னையா கேட்கிறாய்? பதினாறு வருஷத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அவரை நான் சந்தேகப்பட்டேன், இவளை அவர் சந்தேகப்பட்டார், இப்போது இவள் என்னைச் சந்தேகப்படுகிறாள். கோபத்தில், ஆவுடையப்பனுக்குக் கொடுத்த வாக்கு மறந்துபோனது. "வாம்மா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தேன்.

ஆவுடையப்பன் ஒன்பதாம் நம்பர் கொட்டகையில் குங்குமக் கையோடு நின்றார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம என்ன செய்யுதியன்னு இந்தம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது" என்றேன்.

அவர் சுவரில் ரெண்டு பொட்டு வைத்துவிட்டுப் பத்தாம் நம்பருக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அங்கே ஒரு பொட்டு வைத்தார். பிளாரன்ஸ் அதைப் பார்த்தாள். திரும்ப ஒன்பதுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒம்பதுக்கு ரெண்டு, பத்துக்கு ஒண்ணு. ஏன் அண்ணாச்சி?"

"ஒம்பதுக்கு நோவும்மா. நோவு உள்ளதுக்கு ஒண்ணு கூட வைக்கது. ரொம்ப முடியாததுக்கு மூணு. அம்மன் கூடுதலாக் கவனிக்கணும்லா."

"நின்னு போனதுக்கு?"

"அதுக்குப் பொட்டு கெடையாது. திருநீறு."

அவள் சுவரை முழுக்கப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஜனவரியிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி. ஒன்று, ஒன்று, ஒன்று, ரெண்டு, ரெண்டு, மூணு, திருநீறு, மறுபடி ஒன்று. கிறிஸ்தவர்கள் ரெண்டு பேரும் ஆறு மாதமாக இந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டேதான் நடமாடியிருக்கிறோம். எங்களுக்கு அது வெறும் பொட்டாக இருந்தது.

பிளாரன்ஸ் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். ஆவுடையப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"அது அம்மனுக்கு வச்சதும்மா. கம்பெனிக்கு வச்சதில்ல."

"அண்ணாச்சி, கார்டுல எல்லாமே ஒண்ணு. அந்தக் கார்டுப்படி நீங்க இருந்தாலும் இல்லாட்டாலும் எஞ்சினுக்கு ஒண்ணுதான். உங்க வேலையே வேண்டாம்னு அது சொல்லுது. சுவர்ல இருக்கது வேற சொல்லுது. எத நான் கொண்டு போய்க் கொடுக்கட்டும்?"

அவர் குங்குமக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். கார்டை ஏமாற்றினேன் என்று ஒத்துக்கொண்டாலும் வேலை போகலாம், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் போகும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில், "தப்பில்லாம எழுதுங்க. கரி படிஞ்சு ரெண்டு பொட்டு ஒண்ணு மாதிரித் தெரியும். நான் வாசிக்கேன்" என்றார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இருபத்து நாலு சுவரையும் அவர் வாசிக்க அவள் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகவில்லை. நான் ஸ்டோர் சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தத் தேதி எந்த எஞ்சினுக்கு எந்தப் பழசு வந்தது என்று எல்லாம் அதில் இருந்தது, எல்லாம் சுவரோடு ஒத்துப்போனது.

கணக்கு மாறிவிட்டது. ஒரு பொட்டில் இருக்கிற எஞ்சின் சராசரி பதினோரு வாரம் அப்படியே இருக்கிறது. ரெண்டில் ஐந்து வாரம். மூணுக்கு வந்தால் ரெண்டே வாரத்தில் திருநீறு. ரெண்டில் பிரித்தால் ஒரு செட் ரிங்கோடு ஒரு நாள் வேலை. நின்றபிறகு பிரித்தால் லைனர், பேரிங் எல்லாம் போயிருக்கும். ஆகவே ரெண்டாம் பொட்டு விழுந்ததும் பிரி என்று பிளாரன்ஸ் எழுதினாள். அடியில் இன்னொரு வரியும் சேர்த்தாள்: ரெண்டாம் பொட்டைக் காதால் கண்டுபிடிக்கிற ஆள் இருந்தால்தான் இந்த விதி செல்லும்.

மானேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படித்தார். கார்டில் ஏமாற்றியதற்கு ஆவுடையப்பனுக்கு ஒரு மெமோ, அவர் ஃபிட்டராகத் தொடர்வதற்கு ஒரு ஆர்டர், ரெண்டையும் ஒரே நேரத்தில் கையில் கொடுத்தார். ஆவுடையப்பன் ரெண்டையும் ஒன்றாகவே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் வேலை தப்பித்தது என்று எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன தேவபிரசாதம், இவரு ஆயில வெளிய விக்கிறாருன்னு ஏப்ரல்ல எழுதிக் குடுத்தீரே, அது என்னாச்சு?"

"எஞ்சினுக்குள்ளதான் போயிருக்கு சார்."

"எப்பத் தெரியும்?"

"மே மாசம்."

அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். பிளாரன்ஸ் தரையைப் பார்த்தாள். ஆவுடையப்பன் என்னைப் பார்க்கவே இல்லை.

ஸ்டோருக்கு வந்து கதவைத் திறந்தவன் சுவரைப் பார்த்தேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று ஒன்றாகப் பொட்டு. ஏப்ரல் முதல் வாரம், தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்த அந்த வாரத்து வெள்ளியிலிருந்து மூணு மூணாக. ஜூலைக் கடைசி வரை விடாமல் எண்ணினேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. திருடன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த மனிதர் வாரம் தவறாமல் ரெண்டு பொட்டு கூட்டி வைத்திருக்கிறார்.

அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"இது தராசுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தராசு நல்லாத்தான் இருக்கு வே" என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஏப்ரல்லயே தெரியுமா?" என்றுதான் வந்தது. அவர் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் நான் கேட்டுக்குப் போய், மந்திரமூர்த்தி தூக்குச்சட்டிக்குக் கை நீட்டும்போது, "அது வேண்டாம்லே, தப்பு என்மேலதான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். மறுநாள் மானேஜரிடம் அதையே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளி அவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் ரிஜிஸ்தரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சுவர்ப் பக்கம் போனார், வந்தார்.

"ஒம்பதாம் நம்பருக்கு ஒரு செட் ரிங் வேணும். ரெண்டுல இருக்கு, இன்னைக்கே பிரிக்கணும்."

எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் எடுக்காமல் நின்றார். நான் கேட்கப்போவதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தார். "பழசு இன்னும் உள்ளதான் கெடக்கு. பிரிச்சாத்தான் வரும்."

"வரும்போது வரட்டும். கொண்டு போங்க" என்றேன்.

அவர் சைக்கிள் சத்தம் மறைந்த பிறகு சுவரைப் பார்த்தேன். இந்த வாரம் எனக்கு ரெண்டு பொட்டு. பிளாரன்ஸின் தாளை நான் நாலு தடவை படித்திருக்கிறேன். மூணிலிருந்து ரெண்டுக்குத் தானாகத் திரும்பி வந்த எஞ்சின் அதில் ஒன்றுகூட இல்லை.